ஏழாம் மாடித் தேன்கூட்டுக்குக் கீழே இருக்கும் தோட்டமா காரணம்?

சென்னையின் தெற்குப் புறநகரிலிருந்து 63 வயது அம்மா ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரும் குடியிருப்பின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மூன்று பிளாக், 260 வீடுகள் கொண்ட குடியிருப்பு. மதிலை ஒட்டி வெளிவாசல் பக்கம் 25 சென்ட் காலி இடம். பில்டர் கொடுத்த விளம்பரத் தாளில் அதற்குப் பெயர் 'பூங்கா'. நேரில் பார்த்தால் கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமும். இரண்டு வருடம் முன்பு இந்த அம்மாவும் இன்னும் ஒன்பது பேரும், கூடவே ஏழெட்டுக் குழந்தைகளும் சேர்ந்து அதில் ஆறு சென்ட்டைச் சுத்தம் செய்தார்கள். 'தேனீ, பட்டாம்பூச்சித் தோட்டம்' என்று நர்சரியில் ஒரு தொகுப்பு வாங்கி நட்டார்கள். உண்ணிச்செடி, செண்டுமல்லி, நித்யகல்யாணி, காகிதப்பூ. அதோடு ரோஜா, கறிவேப்பிலை, துவரை.

கடந்த பிப்ரவரியில் சி பிளாக் ஏழாம் மாடி சன்ஷேடுக்கு அடியில் முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு. வாட்ச்மேன் யாரிடமும் கேட்காமல் புகை போட, கலைந்த தேனீக்கள் கீழே நடந்துகொண்டிருந்த செயலாளரின் மாமனாரைப் பதினோரு இடத்தில் கொட்டிவிட்டன. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. மறுநாள் மருந்து அடித்துக் கூட்டை அழித்தார்கள். அடுத்த வாரம் செயலாளர் கையெழுத்தோடு நோட்டீஸ்: 'தோட்டத்தால்தான் தேனீ, கொசு, பாம்பு. 15 நாளில் அகற்றவும்.'

அம்மாவின் கேள்விகள் இவை. கூட்டை எங்கள் தோட்டம்தான் கூப்பிட்டதா? அகற்றச் சொல்லச் செயலாளருக்கு அதிகாரம் உண்டா? இத்தாலியத் தேனீப் பெட்டி இரண்டு வாங்கி வைத்தால் தேனீக்கள் கட்டடத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்கு வந்துவிடுமா? நாட்டுச் செடி என்றால் எதை நடுவது? நடுவில், கேள்வியாக இல்லாமல் தகவலாக ஒரு வரி: 'ரோஜா, துவரை இலைகளில் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தது, பூச்சி மருந்து அடித்துவிட்டோம்.' கடைசியில், எதற்கோ ஞாபகம் வந்ததுபோல இன்னொன்று: 'பாத்ரூம் ஜன்னல் சட்டத்தில் ஸ்குரூ துளைக்குள் ஏதோ இலைச் சுருளை அடைத்துவைத்திருக்கிறது. சுத்தம் பண்ணிவிடவா?'

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். செயலாளர் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் புரிகிறது. ஆனால் பூச்சியியல் படித்து, அதிலேயே வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: உங்கள் தோட்டத்துப் பூச்சிகளுக்கு அதிகக் கெடுதல் செய்தது அந்த நோட்டீஸ் அல்ல, நீங்கள் அடித்த மருந்து. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கூடு.

கூடு ஏன் அங்கே வந்தது

நீங்கள் சொல்லும் அளவு, திறந்தவெளியில் தொங்கும் ஒற்றை அடை, கைப்பிடிச் சுவருக்கும் மேலே அவ்வளவு உயரம், எல்லாம் சேர்ந்தால் அது மலைத்தேனீ. பாறைத் தேனீ என்றும் சொல்வார்கள். மலையில் செங்குத்துப் பாறை, ஊரில் ஆலமரம், தண்ணீர்த் தொட்டி, இப்போது அடுக்குமாடி. அதற்கு வேண்டியது உயரமும், மழை படாத ஒரு விளிம்பும். உங்கள் பில்டர் அதற்கென்றே கட்டிக் கொடுத்ததுபோல ஏழாவது மாடியில் சன்ஷேடு போட்டிருக்கிறார்.

மலைத்தேனீ இரைதேடிப் பல கிலோமீட்டர் பறக்கும். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் ஆறு சென்ட் ஒரு வாய்ச் சோறுகூட இல்லை. சுற்றுவட்டாரத்துப் புங்கை, வேம்பு, சாலையோர மரம் எல்லாம் பூக்கிற பருவத்தில் வரும், பூ குறைந்ததும் சில மாதத்தில் தானாகக் கிளம்பிவிடும். தோட்டமே இல்லாத கண்ணாடிக் கட்டடங்களிலும் கூடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே தோட்டத்தை அழித்தால் கூடு வராது என்று செயலாளர் நினைப்பது தவறு. அதைவிட முக்கியமாக, மலைத்தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வரும் சுபாவம் உள்ளது. அடுத்த பருவத்தில் அதே சன்ஷேடுக்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தோட்டம் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும்.

ஆனால் செயலாளரின் பயத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தில் 'கொஞ்சம் கொட்டியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வயதானவருக்குப் பதினோரு கொட்டு என்பது கொஞ்சம் இல்லை. நம் நாட்டுத் தேனீக்களில் மலைத்தேனீயிடம்தான் உண்மையிலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்று கொட்டினால் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், கனிந்த வாழைப்பழம்போல. மற்றவற்றுக்கு அது 'இங்கே வா' என்கிற சைகை. புகை, பட்டாசு, கல்லெறி, காற்றாடி நூல், இவைதான் கூட்டைக் கலைக்கும். சும்மா விட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

அடுத்த தடவை வந்தால் என்ன செய்வது என்று இப்போதே சங்கத்தில் எழுதிவையுங்கள். கூடு யாரும் கைநீட்டினால் எட்டாத இடத்தில், ஜன்னலுக்கு நேராக இல்லாமல் இருந்தால், கீழே நடைபாதையில் கயிறு கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். அந்தப் பக்கத்து வீடுகளில் ராத்திரி ஜன்னலைச் சாத்தித் திரை போட வேண்டும், ஏனென்றால் மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில் பறக்கக்கூடியது, டியூப்லைட்டைப் பார்த்து உள்ளே வந்துவிடும். காலையில் பால்கனியில் பத்து இருபது செத்துக் கிடக்கிறது என்று வாட்ஸப்பில் வரும் புகாருக்கெல்லாம் இதுதான் காரணம். அதுவே ஒரு வீட்டுப் பால்கனிக்குள்ளோ, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மேலேயோ இருந்தால் எடுக்கத்தான் வேண்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. பகலில் அல்ல, வாட்ச்மேனை வைத்தும் அல்ல. தேனெடுப்பில் பழகியவர்களையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிட்டு. மருந்து அடித்துக் கொன்ற கூட்டிலிருந்து விழுந்த தேனை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பில் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அது விஷம்.

கொட்டுப் பட்டால் ஓடி உள்ளே போய்விட வேண்டும், நின்று கையை வீசக் கூடாது. தோலில் நிற்கும் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். நகத்தால் வழிப்பதா, பிடுங்குவதா என்று யோசிப்பதைவிட, சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். சோப்புத் தண்ணீரில் கழுவி ஐஸ் வைக்கலாம். சுண்ணாம்பு வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், தலைசுற்றல், இதில் எது வந்தாலும், ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். பல கொட்டு என்றால் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது.

அந்த நிலம் யாருடையது

சட்டம் என் துறையல்ல. குடியிருப்புச் சங்கச் சண்டைகளைப் பார்க்கும் வக்கீல் நண்பர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தை விவரங்களை மறைத்துப் படித்துக் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, 'மனை மொத்தம் எவ்வளவு?' என்றுதான்.

விஷயம் இது. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனையில் கட்டும்போது, சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 260 வீடு, வெளிவாசல் பக்கம் 25 சென்ட், விளம்பரத்தில் 'பூங்கா' என்பதெல்லாம் சேர்ந்தால் உங்கள் இடம் அப்படிப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பத்திரத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது.

அப்படி இருந்தால் இரண்டு பேருக்குமே அது சங்கடம். செயலாளர் அகற்றச் சொல்ல முடியாது, காரணம் நிலம் சங்கத்துடையது அல்ல. 'எங்கள் இடம், நாங்கள் நடுவோம்' என்று நீங்களும் சொல்ல முடியாது, அதே காரணம்தான். பூட்டுப் போட்டு வெளியாட்களைத் தடுப்பதும் கூடாது. அது ஊருக்குச் சேர்ந்த இடம். கடிதத்தில் 'பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்துவிடக் கூடாது என்று கேட் போட்டிருக்கிறோம்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு நண்பர் சிரித்தார்.

மாறாக அது சங்கத்தின் பொதுப் பரப்பாகவே இருந்தால், ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அதில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. செயலாளர் தனியாக நோட்டீஸ் ஒட்டித் தீர்மானிக்கிற சமாச்சாரம் இல்லை. பொதுக்குழுவில் வைத்துத் துணைவிதிப்படி முடிவெடுக்க வேண்டும். அதே விதி உங்களுக்கும் பொருந்தும். இரண்டு வருடம் முன்பு மண்வெட்டியைத் தூக்குமுன் நீங்கள் பொதுக்குழுவிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

ஆகவே முதல் வேலை, அங்கீகரிக்கப்பட்ட திட்ட வரைபடத்தைப் பார்ப்பது. சங்க அலுவலகத்திலேயே நகல் இருக்கும், ஓ.எஸ்.ஆர். என்றால் அதில் குறித்திருப்பார்கள். தர மறுத்தால் வரைபடத்துக்கு அனுமதி கொடுத்த அரசு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், சண்டைக் கடிதம் அல்ல: 'நில உரிமை தெரியும்வரை இருப்பதை இருக்கிறபடி வைப்போம், புதிதாக எதையும் நட மாட்டோம்.' மாநகராட்சி நிலம் என்று தெரிந்தால் மண்டல அலுவலகத்தில், பூங்காத் துறைக்குப் பராமரிப்பு அனுமதி கேட்டு எழுத்தில் மனு. சங்கத்தின் பெயரில் போனால் மதிப்பு அதிகம். அதனால்தான் சொல்கிறேன், செயலாளரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாமனாரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

கொசு விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி நியாயம். கொசு செடியில் பிறப்பதில்லை, தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. டெங்குவைப் பரப்பும் கொசு தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுத் தண்ணீரிலேயே பத்து நாளுக்குள் வளர்ந்துவிடும். உங்கள் தோட்டத்தில் 'பறவைக்கு' என்று வைத்திருக்கும் ஆறு சட்டிகளை யார் கழுவுகிறார்கள்? கூழாங்கல் போட்ட ஒரே ஒரு அகலத் தட்டு, தினமும் மாற்றும் தண்ணீர், போதும். மீதியைக் கவிழ்த்துவிடுங்கள்.

பெட்டி வேண்டாம்

தேனீ வளர்ப்பு நல்ல தொழில், நான் எதிரியில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் காரணத்துக்குப் பெட்டி பயன்படாது. இத்தாலியத் தேனீ வேறு இனம், மலைத்தேனீ வேறு இனம். கீழே பெட்டி வைத்தால் மேலே இருப்பது இறங்கி வந்து குடியேறாது. காக்கைக்குக் கோழிக்கூண்டு வைப்பது மாதிரி.

இத்தாலியத் தேனீயை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வெற்றிகரமாக நிலைக்கவைத்தது 1962இல், இமாசலத்துப் பக்கம். தோப்பும் வயலும் உள்ளவர்களுக்கு அது சரி. ஒரு பெட்டியில் பல ஆயிரம் வாய்கள் இருக்கும். உங்கள் ஆறு சென்ட் எந்த மூலைக்கு? பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்ற வேண்டும். அதோடு, ஏற்கெனவே அங்கே சத்தமில்லாமல் வந்து போகிற பூச்சிகளின் தட்டிலிருந்து அள்ளி இந்தக் கூட்டத்துக்குப் போடுகிறீர்கள். 260 வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலும் பழி பெட்டி மேல்தான் விழும், இந்தத் தடவை நியாயமாகவே.

தேனீ என்றதும் நாம் கூடு, ராணி, தேன் என்றே யோசிக்கிறோம். உலகத்தில் ஏறக்குறைய 20,000 வகைத் தேனீ உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஒரு தாய், ஒரு துளை, தனிக்குடித்தனம். காவல் காக்கக் கூட்டமில்லாததால் துரத்திக் கொட்டுகிற பழக்கமும் இல்லை. பெரும்பாலும் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டை வைப்பவை. உங்கள் தோட்டத்துக்கு வரவேண்டிய விருந்தாளிகள் இவைதான்.

கூட்டமாக வாழ்வதில் ஒன்று வேண்டுமென்றால் கொசுத் தேனீ இருக்கிறது, கொட்டவே தெரியாதது. அதையும் வாங்க வேண்டாம், தேடிப் பாருங்கள். பழைய மதில் வெடிப்பு, மீட்டர் பெட்டி, மோட்டார் ரூம் சுவர், இங்கெல்லாம் பிசினால் செய்த ஒரு சின்னக் கறுத்த குழாய் சுண்டுவிரல் நுனிபோல நீட்டிக்கொண்டிருக்கும். வாயில் எறும்பளவு கறுப்புப் பூச்சிகள். இருந்தால் பெயின்டரிடம் சொல்லிவையுங்கள், புட்டி வைத்துப் பூசிவிடப் போகிறார்.

நட வேண்டியதும், விட வேண்டியதும்

நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் தெரிந்திருக்காது. உண்ணிச்செடியும் காகிதப்பூவும் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தவை. செண்டுமல்லி மெக்சிகோ. நித்யகல்யாணி, ஊரெல்லாம் சுடுகாட்டு மல்லி என்கிறோம், அது மடகாஸ்கர். இதில் உண்ணிச்செடியை மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள். அதில் பட்டாம்பூச்சி உட்காருகிறதே என்பீர்கள். தேன் குடிக்க உட்காரும், முட்டை வைக்க? நம் பட்டாம்பூச்சிகளுக்கு அது டீக்கடை, வீடு இல்லை. பறவை தின்று விதை பரப்பி முதுமலைக் காட்டையே மூடிய செடி அது. 2022இல் தமிழ்நாடு அரசு படையெடுக்கும் அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட வேண்டி வந்தது. அதில் உண்ணிச்செடியும் உண்டு, நீங்கள் கஷ்டப்பட்டு வெட்டிய சீமைக்கருவேலமும் உண்டு. மற்றபடி செண்டுமல்லி ஒரு வரிசை இருந்தால் குடி முழுகிவிடாது. வரப்போரத்தில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டுகூட அமெரிக்காக்காரன்தான், ஆனால் அதில் மொய்க்கிற சின்னத் தேனீக்களைப் பார்த்தால் பிடுங்க மனசு வராது. நானும் பிடுங்குவதில்லை.

நில விஷயம் தெளிவாகி அனுமதி கிடைத்த பிறகு, புதிதாக வைப்பதற்கு முதலில் ஆவாரை. காரணம் அழகு மட்டும் அல்ல. ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான், அதுவும் மூடிய பைக்குள். பை நுனியில் பவுடர் டப்பா மூடிபோலத் துளை. சாதாரணத் தேனீ அதிலிருந்து எடுக்கத் திணறும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீயும் கருவண்டும் (பெயரில்தான் வண்டு, அதுவும் தேனீதான்) வந்து, பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் உடம்பை மட்டும் 'ர்ர்ர்' என்று அதிரவைக்கும். டப்பாவைக் குலுக்கினதுபோல மகரந்தம் கொட்டும். காலை ஏழரை எட்டு மணிக்குப் பிள்ளைகளைச் செடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் அந்தச் சத்தம் காதுக்கே கேட்கும். உங்கள் மாடித் தொட்டிகளில் கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்க்க இதே பூச்சிகள்தான் உதவுகின்றன. ஆவாரை இலையில் மஞ்சள் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் முட்டையும் வைக்கும். ஒரே செடி, இரண்டு வேலை.

அடுத்தது நொச்சியும் ஆடாதோடையும், வேலியோரமாக. இரண்டையும் ஆடு மாடு வாய் வைக்காது. திறந்த இடத்தில் இது பெரிய சௌகரியம், கம்பி வேலிச் செலவு மிச்சம். நொச்சி என்றால் செயலாளரும் ஒத்துக்கொள்வார், 'கொசுவுக்கு நல்லது' என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் நட்டுவைத்த நொச்சியால் கொசு ஓடாது, இலையைப் புகைத்தால்தான் கொஞ்சம் பலன். இதை அவரிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம்.

தும்பையையும் துளசியையும் கேட்டு வாங்கி நட வேண்டியதில்லை, விதை தூவினால் போதும். கிலுகிலுப்பைக்கு ஒரு மூலை கொடுங்கள். காய்ந்த காயைக் குலுக்கிப் பிள்ளைகள் விளையாடுவார்கள், வரிப்புலிப் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் அதன் தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். எருக்கு வைத்தால் வெந்தயவரியன் முட்டை வைக்கும், கருவண்டு வரும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் புழங்கும் பக்கம் வேண்டாம். மரம் என்றால் 25 சென்ட்டுக்கும் சேர்த்து ஒரு புங்கை, ஒரு சரக்கொன்றை. அதற்கு மேல் வைத்தால் நிழல் விழுந்து கீழே எதுவும் பூக்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் வைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறையும்.

நடுவது இவ்வளவுதான். அதைவிட, எதையும் செய்யாமல் விடுவது முக்கியம். தோட்டத்துக்குள் நடைபாதைக்குப் பேவர் பிளாக், பாத்திகளில் தேங்காய் நார் மூடாக்கு, ஓரத்தில் சிமென்ட் என்று ஒரு அங்குலம்கூட மண் தெரியாமல் 'நீட்டாக' வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மண்ணில் வளை தோண்டுகிற தேனீ எங்கே போகும்? வெயில் படும் இடமாகப் பார்த்து, தண்ணீர் தேங்காத நாலுக்கு நாலு அடி நிலத்தைக் கொத்தாமல், மூடாமல், பெருக்காமல் விட்டுவையுங்கள். ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையையோ மூங்கில் துண்டையோ வேலியில் கட்டிவிடுங்கள், கருவண்டு துளைத்துக் குடிவரும். சுத்தமில்லை என்று யாராவது சொன்னால் ஒரு பலகை எழுதி வைத்துவிடுங்கள். பலகை இருந்தால் நம் ஆட்கள் எதையும் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த மருந்து

இப்போது வட்ட ஓட்டைக்கு வருவோம். புழு தின்ற இலை ஓரம் பிய்ந்து, அங்கங்கே எச்சத்தோடு இருக்கும். நீங்கள் சொல்கிற மாதிரி கத்தரிக்கோலால் நறுக்கியது போல ஓரத்திலிருந்து அரைவட்டமாக, சுத்தமாக வெட்டுவது ஒருத்திதான்: இலைவெட்டித் தேனீ. அவள் இலையைத் தின்பதில்லை. வெட்டின துண்டைச் சுருட்டிக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு பறந்துபோவாள். ரோஜா, துவரை, காகிதப்பூ இலைகள் அவளுக்குப் பிடிக்கும். செடிக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. துவரைக்கு நல்லதே, பூவில் மகரந்தம் சேர்ப்பவளும் அவள்தான்.

எந்த விருந்தாளிக்காகத் தோட்டம் போட்டீர்களோ, அவள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்து நீங்கள் மருந்து அடித்திருக்கிறீர்கள். வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. நானே சின்ன வயதில், படிப்பை முடித்த புதிதில், ஒரு தோட்டக்காரருக்கு இதே தவறான ஆலோசனை கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரர் கொடுத்ததாக நீங்கள் குறிப்பிடும் இமிடாகுளோப்ரிட், செடிக்குள் ஊடுருவும் மருந்து. இலை மேலேயே நின்றுவிடாது. சாற்றோடு ஏறி மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போகும். இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிரில் அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். எனவே மருந்து பட்ட ரோஜாக்களில் இந்த ஒரு பருவம் மொட்டு வர வரக் கிள்ளிவிடுங்கள். அந்தக் கறிவேப்பிலையையும் துவரையையும் சமையலுக்கு எடுக்காதீர்கள், மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போலப் புழு இருந்தால் அது கருப்பும் மஞ்சளுமான எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் பிள்ளை. ரெண்டு கிளை தின்றுவிட்டுப் போகட்டும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிரும். வேப்பெண்ணெய் அடித்தே ஆகவேண்டும் என்றால் சூரியன் இறங்கின பிறகு, பூவில் படாமல். இனிமேல் நர்சரியில் செடி வாங்கும்போது என்ன மருந்து அடித்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், விதையிலிருந்தோ பதியனிலிருந்தோ நீங்களே வளர்ப்பது மேல்.

கடைசியாக, பாத்ரூம் ஜன்னல். வெட்டின இலையெல்லாம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்குரூ துளைக்குள் இருப்பது அவளுடைய வீடு. நீள்வட்டத் துண்டுகளைச் சுவராகச் சுருட்டி, உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்த ஒரு உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடியிருப்பாள். பிறகு அடுத்த அறை. தெருவில் எல்லாம் பேவர் பிளாக் போட்டுவிட்டதால் உங்கள் ஜன்னல் வரை வந்திருக்கிறாள் போலிருக்கிறது. மருந்து அடிப்பதற்கு முன்னால் கட்டியதா, பின்னால் கட்டியதா என்பது தெரிய வேண்டும். உள்ளிருப்பவை வெளியே வரச் சில வாரங்கள் ஆகலாம். குச்சி விட்டுக் குத்தாதீர்கள், பினாயில் ஊற்றாதீர்கள். துளை வாயில் மூடியிருக்கும் இலைத் துண்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அதில் ஒரு நாள் ஓட்டை விழுந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.